புளியமரம் வரை போன கம்பி

சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948. ஆண்டிமடத்திலிருந்து வரதராஜன்பேட்டைப் பக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். சுற்றிலும் முந்திரிக் காடு, நடுவில் மாதா கோயில், கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததையெல்லாம் கேட்ட பிறகு, "அப்போ என்ன உத்தியோகம் பார்த்தீங்க?" என்று நீங்கள் கேட்டால் அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

யுத்த காலத்தில் மூன்று வருஷம் பட்டாளத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தேன். பர்மா எல்லையில் மழையிலும் சேற்றிலும் உட்கார்ந்து கட்டுக்கடா என்று மோர்ஸ் அடித்தது மட்டும்தான் என் வீரம். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் விரல் சும்மா இருக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இலை ஓரத்தில் தட்டும். என் மனைவி அதைப் பார்த்து, சாதம் வேண்டும் என்று கேட்கிறேனாக்கும் என்று நினைத்து வைத்துக்கொண்டே இருப்பாள். ஒரே வருஷத்தில் நான் பருத்ததற்கு அதுதான் காரணம்.

பிறகு முறைப்படி எழுதிப் போட்டு, பரீட்சை எழுதி, சொந்தமாக ஒயர்லெஸ் செட் வைத்துப் பேச லைசென்ஸ் வாங்கினேன். திருச்சியில் பட்டாளத்துப் பழைய சாமான்களை ஏலத்தில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதில் பொறுக்கி எடுத்து ஒரு செட்டும் கட்டினேன். ஊரில் கரண்ட் கிடையாது. கார் பேட்டரி ஒன்றைக் கோணியில் சுற்றி, கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏற்றி, அரியலூரில் ஒரு ரைஸ் மில்லில் சார்ஜ் போட்டு எடுத்து வருவேன். கண்டக்டர் அதற்கும் ஒரு சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டு, "அவரை ஜன்னல் பக்கம் உக்கார வைங்க சார்" என்பார்.

பட்டாளத்தில் என்னோடு இருந்த சிநேகிதர் ஒருவர் பெங்களூரில் இருந்தார். அவருக்கும் லைசென்ஸ் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் சாயங்காலம் நாலு மணிக்கு, நாற்பது மீட்டர் அலையில் நான் கூப்பிட வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும் என்று கடிதத்தில் ஏற்பாடு. எல்லாம் தயார். ஏரியல் மட்டும்தான் பாக்கி.

ஏரியல் என்றால் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உயரத்தில் இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி. ஆனால் நீளம் சரியாக இருக்க வேண்டும். சரியாக இருந்தால் செட்டின் சக்தி கம்பி வழியாக வானத்துக்குப் போகும். தப்பினால் செட்டுக்குள்ளேயே சூடாகிக் கிடக்கும். எனக்கு ஒரு அலை போதவில்லை, மூன்று வேண்டும். நாற்பது மீட்டர் அக்கம்பக்கத்துக்கு, இருபது மீட்டர் கடல் கடந்த ஊர்களுக்கு, பத்து மீட்டர் கடவுள் சித்தமிருந்தால். மூன்று அலைக்கும் மூன்று நீளக் கம்பி, மூன்றும் நடுவில் ஒரே இடத்தில் சேர்ந்து, ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்க வேண்டும். ஒயர்லெஸ் புத்தகம் சொன்ன நீளம் அறுபத்தாறு அடி, முப்பத்துமூன்று அடி, பதினாறரை அடி.

இதைப் படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. அறுபத்தாறு அடி என்பது என்ன? ஒரு சங்கிலி! கணக்குப்பிள்ளை நிலம் அளக்கிற ரெவின்யூ சங்கிலி. பத்து சங்கிலி ஒரு பர்லாங்கு, எட்டு பர்லாங்கு ஒரு மைல் என்று தினம் தினம் தொண்டை வறளக் கத்துகிற ஆள் நான். ஒரு சங்கிலி, அரைச் சங்கிலி, கால் சங்கிலி. டேப்பு வேண்டாம், ஸ்கேல் வேண்டாம். ஒரே ஒரு சங்கிலியை இரவல் வாங்கினால் மூன்று அலையும் கையில். இந்த உண்மையை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கணக்குப்பிள்ளையின் சங்கிலி ஜமாபந்தி என்கிற வருஷாந்திர வரிக் கணக்கு வேலைக்காக வெளியூர் போயிருந்தது. என் அவசரத்துக்கு அது திரும்பி வருகிற வரை காத்திருக்க முடியுமா? ஜெயங்கொண்டம் ரோட்டில் கப்பி போடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே மேஸ்திரியிடம் ஒரு சங்கிலி இருந்தது. கேட்டேன். கொடுத்தார். அது எத்தனை அடி என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. சங்கிலி என்றால் சங்கிலிதானே. ஆனாலும் கணக்கு வாத்தியார் இல்லையா, வீட்டுக்குக் கொண்டு வந்து கண்ணிகளை ஒன்று விடாமல் எண்ணினேன். நூறு கண்ணி. ரெவின்யூ சங்கிலிக்கும் நூறு கண்ணிதான். பரம திருப்தி.

அடுத்தது மூங்கில் துண்டுகள். மூன்று கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க இடையிடையே மூங்கில் சிம்பு வைத்துக் கட்ட வேண்டும். அது மழையில் ஊறக் கூடாதென்றால் மெழுகில் வேக வைக்க வேண்டும். மாதா கோயிலைக் கவனித்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டதும் பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு பை நிறையக் கொடுத்தார். வேக வைக்கப் பாத்திரம்? என் மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் மீன் குழம்புச் சட்டியை எடுத்துவிட்டேன். பிறகு நானே உமி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தும் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கெளுத்திக் குழம்பில் பூசை வாசனை அடித்தது. என் மனைவி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் மறுபேச்சில்லாமல் ஆண்டிமடம் சந்தைக்குப் போய் புதுச் சட்டி வாங்கி வந்தேன்.

கம்பியை வெட்டிக் கட்டியாயிற்று. இனி கொல்லையில் ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டுப் பின்சுவரிலிருந்து கிழக்கே வேலி வரை ஒன்றே கால் சங்கிலி என்று பத்திரத்திலேயே இருக்கிறது. கம்பி ஒரு சங்கிலி, இரண்டு பக்கக் கயிற்றுக்கும் சேர்த்துக் கால் சங்கிலி. கச்சிதம். பின்சுவர் ஓரத்தில் ஒரு மூங்கில், வேலி ஓரத்தில் ஒரு மூங்கில் நட்டேன்.

கம்பியை இழுத்தேன். வேலி வந்துவிட்டது, கம்பி முடியவில்லை.

கொல்லை எப்படிக் குறைந்தது? மேஸ்திரியின் சங்கிலியைப் போட்டுக் கொல்லையை அளந்தேன். எண்பத்திரண்டு கண்ணிதான் வந்தது. பத்திரப்படி நூற்று இருபத்தைந்து கண்ணி வர வேண்டும். நாற்பத்துமூன்று கண்ணி காணோம்! இரண்டாம் முறை அளந்தேன். அதே எண்பத்திரண்டு. எனக்குத் தலை சுற்றியது, பிறகு கோபம் வந்தது, பிறகு எல்லாம் தெளிவாக விளங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா வேலியைத் தள்ளி வைத்துவிட்டார்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் இல்லை, மகளைத் தா.பழூரில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. என் அப்பா இருந்த காலத்தில் இதே வேலிக்காக அவருக்கும் அப்பாவுக்கும் பெரிய வழக்கு. மூன்று தடவை சங்கிலி போட்டு அளந்து, கடைசியில் ரெண்டு பேருக்கும் பொதுவாக வேலி வைத்துத் தீர்த்தார்கள். அப்பா போன பிறகும் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நான் பர்மாவில் கிடந்த மூன்று வருஷத்தில்தான் வேலி நகர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

அப்போது அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வேலிக்கு அப்பால் அவருடைய புளியமரம் வாட்டமாக நின்றது. என் நிலத்தில் நாற்பத்துமூன்று கண்ணியைத் தின்றவருக்கு மரத்தில் ஒரு கயிறு கட்டினால் என்ன குறைந்துவிடும்? மரமேறத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, கம்பியின் கிழக்கு முனையைப் புளியமரத்து உச்சிக் கிளையில் கட்டிவிட்டேன். அதோடு விட்டேனா? பஸ் நிற்கிற இடத்தில் நாலு பேர் காது கேட்க, "சரியா நாற்பத்துமூணு கண்ணிங்க. வேணும்னா வந்து அளந்து பாருங்க" என்றும் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. செட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு டார்ச் பல்பு மாட்டியிருந்தேன். சக்தி கம்பிக்குப் போனால் பல்பு பளிச்சென்று எரியும். தட்டினேன். பல்பு விடியற்காலை மின்மினி மாதிரி லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். பெங்களூர் சிநேகிதர் கூப்பிடுவது எனக்கு ஜோராகக் கேட்டது. நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. இருபது மீட்டரில் தட்டினேன், பத்து மீட்டரில் தட்டினேன், பல்புக்கு ஒரே முகம்தான். உலகம் முழுக்கப் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவதை ஒருவரும் கேட்கவில்லை. "இதுக்கு எதுக்குங்க இம்மாம் கம்பி? வகுப்புல இருக்குறப்பவே உங்களுக்கு அப்படித்தானே?" என்றாள் என் மனைவி.

வாரம் ஒரு கார்டு வந்தது சிநேகிதரிடமிருந்து. முதல் கார்டில், ஏன் வரவில்லை என்று. மூன்றாவதில், உயிரோடு இருக்கிறாயா என்று. நான் செட்டைப் பிரித்துக் கோர்த்தேன். வால்வை மாற்றினேன். பேட்டரியை இன்னும் இரண்டு தடவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். நீளத்தைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஐந்தாவது கார்டில், "அடுத்த வாரம் எனக்கு வடக்கே மாற்றல். அங்கே செட் வைக்க இடமில்லை. வருகிற ஞாயிறுதான் கடைசி" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மனிதரும் நானும் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே மூன்று மழைக்காலம் படுத்தவர்கள்.

அந்த வாரம்தான் பக்கத்துக் கொல்லை அம்மா தா.பழூரிலிருந்து திரும்பி வந்தார். மரத்தைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். பஸ் நிற்கிற இடத்தில் நான் பேசியதும் காதுக்குப் போய்விட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே நாட்டாண்மைக்காரரிடம் போனார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் விசாரணை என்று சொல்லியனுப்பினார்கள்.

அந்த ஞாயிறு பங்குச் சாமியார் எட்டாம் கட்டளையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார், பிறத்தியார் மேல் பொய் சொல்லக் கூடாது என்பதைப் பற்றி. அந்த அம்மாவுக்காகத்தான் வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் முன் வரிசையிலிருந்து பலமாகத் தலையாட்டினேன். பிரசங்கம் முழுக்கச் சாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததற்கும் அதுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. நாட்டாண்மைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஜமாபந்தி முடிந்து வந்திருந்த கணக்குப்பிள்ளையும் பக்கத்தில் இருந்தார். நான் பத்திரத்தை எடுத்து நீட்டி, கரும்பலகை முன்னால் நிற்கிற மாதிரி நின்று, நூற்று இருபத்தைந்தில் எண்பத்திரண்டு போனால் மிச்சம் எவ்வளவு என்று ஊரைக் கேட்டேன். நாலைந்து பேர் சரியாகச் சொன்னார்கள். என்னிடம் படித்தவர்கள்.

அந்த அம்மா சத்தமே போடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாத்தியாரே, அந்த வேலியில நிக்குற கிளுவை மரமெல்லாம் யாரு வச்சது?"

"எங்கப்பா வச்சது."

"உங்கப்பா வச்ச மரம் இப்ப என் தொடையைவிடப் பருமனா நிக்குது. நான் வேலியைத் தள்ளி வச்சேன்னா, அம்பத்தெட்டு மரமும் வேரோட எந்திரிச்சு நடந்தா வந்துச்சு?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

"மரம் நடக்காதுங்க" என்றார் அந்த அம்மா, நாட்டாண்மைக்காரரைப் பார்த்து. "நடந்தது அவரு சங்கிலிதான். அதை முதல்ல அளக்கச் சொல்லுங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தாராளமா அளக்கலாம். இப்பவே அளக்கலாம்" என்று நான்தான் கத்தினேன். நான்தான் ஆளனுப்பி மேஸ்திரியின் சங்கிலியை வரவழைத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோயில் கொடிமரத்தடியில் இரண்டு சங்கிலியின் பிடியையும் ஒன்றாக வைத்து, கணக்குப்பிள்ளையின் சங்கிலியையும் மேஸ்திரியின் சங்கிலியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக்கொண்டே போனார்கள். கணக்குப்பிள்ளையின் சங்கிலி முற்றத்து வேப்பமரத்துக்கு வந்து முடிந்துவிட்டது. மேஸ்திரியின் சங்கிலி முடியவில்லை. வேப்பமரத்தைத் தாண்டிப் போயிற்று. கிணற்றைத் தாண்டிப் போயிற்று. கூட்டம் அதற்கு வழி விட்டு விலகி விலகி நின்றது. கடைசியில் பள்ளிக்கூடத்து வாசல் படியில், என் வகுப்புக்கு நேர் முன்னால் போய் நின்றது.

"இது ரோட்டு வேலைக்காரங்க சங்கிலி சார். நூறு அடி" என்றார் கணக்குப்பிள்ளை, ரொம்ப மெதுவாக. "நம்மளது அறுபத்தாறு. ரெண்டுக்கும் நூறு கண்ணிதான். ஆனா இதுல ஒரு கண்ணி ஒரு முழு அடி."

ஒரு கண்ணி ஒரு அடி. என் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு அடி ஸ்கேல் இருக்கும். அதில் பையன்களின் விரல் முட்டியை அளந்திருக்கிறேனே தவிர, ஒரு கண்ணியின் மேல் வைத்துப் பார்க்கவில்லை. நிற்கிற இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. எல்லாம் ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. கொல்லை குறையவில்லை. என் கம்பிதான் அறுபத்தாறுக்குப் பதில் நூறு. அதனால்தான் ஐந்து வாரமாகப் பல்பு எரியவில்லை. அதனால்தான் பெங்களூருக்குக் கேட்கவில்லை. ஒரு பாவமும் அறியாத மனுஷியை ஊர் நடுவே நிலத் திருடி ஆக்கியதும் அதே முப்பத்துநாலு அடி.

நாட்டாண்மைக்காரர் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். கம்பியை உச்சிப்பொழுதுக்குள் இறக்க வேண்டும். திரும்ப ஏற்றலாமா வேண்டாமா என்பதை அந்த அம்மாவே சொல்லட்டும், ஏனென்றால் பேர் கெட்டது அவருக்கு. அவர் வேண்டாம் என்றால் இந்த ஊரில் இனி எனக்குக் கம்பி கிடையாது. அந்த அம்மா, "எனக்குக் கொட்டை சுடுற வேலை இருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

மணி பத்தரை. நாலு மணிக்குச் சிநேகிதர் கடைசித் தடவையாக உட்காருவார்.

கம்பியை இறக்கிச் சுருட்டினேன். பிறகு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். இருபது வருஷத்தில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் அந்த வாசலில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. அவர் கொல்லையில் முந்திரிக்கொட்டை சுட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுச் சட்டியில் கொட்டை வெடித்து எண்ணெய் தெறிக்க, கறுப்புப் புகை சுழன்று அடித்தது. நான் போய் நின்ற இடம் காற்றுக்கு நேர் எதிர். வாயைத் திறக்கும் முன்பே கண்ணில் தாரை தாரையாகக் கொட்டத் தொடங்கிவிட்டது.

"அக்கா, தப்பு என்மேலதான்" என்றேன், இருமிக்கொண்டே.

அவர் திரும்பிப் பார்த்தார். பதறிப்போய்விட்டார். "அய்ய, இதுக்குப் போயி இப்படியா அழுவாங்க? பெரிய பட்டாளத்துக்காரரு!"

புகை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதில் பாதி புகை இல்லை என்பதும் உண்மை. சிநேகிதரைப் பற்றிச் சொன்னேன், நாலு மணியைப் பற்றிச் சொன்னேன், பஸ் நிற்கிற இடத்தில் பேசியதற்கு அதே இடத்தில் அதே நாலு பேரிடம் திருத்திச் சொல்கிறேன் என்றேன். அவர் சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏத்திக்குங்க" என்றார் கடைசியில். "ஆனா கம்பியை நான் அளப்பேன். உங்க அளவை நான் நம்ப மாட்டேன்."

"எதை வச்சு அளப்பீங்க?"

"எங்காலை வச்சு. மூணு தடவை என் எதிரதான் சங்கிலி போட்டாங்க. ஒரு சங்கிலிக்கு எம்பாதம் எழுபத்தொம்போது. வருஷா வருஷம் வேலியோரம் நடந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், உங்க குடும்பத்தை நம்பி விட்டுட முடியுமா?"

இரண்டு மணி வெயிலில் எங்கள் கொல்லையில் கம்பியைத் தரையில் நீட்டி வைத்தேன். ஸ்கேலும் கையுமாக நான் அடி அடியாக அளந்து வெட்டினேன். அந்த அம்மா புடவையைக் கொசுவிச் செருகிக்கொண்டு, குதிகாலோடு விரல் முட்ட, பாதத்தின் முன் பாதம் வைத்துக் கம்பியோரமாக நடந்து வந்தார். என் மனைவி திண்ணையிலிருந்து இறங்கி வந்து கூடவே எண்ணினாள். எழுபத்தொன்பதாவது பாதம் கம்பியின் முனையில் சரியாக வந்து நின்றது. பிறகு நடுக் கம்பிக்கு முப்பத்தொன்பதரை. அந்த அரைக்காக அவர் ஒரு காலை மடித்துக்கொண்டு நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சின்னக் கம்பியை, "அது பொடிசு, அதை நீங்களே பார்த்துக்குங்க" என்று என் பொறுப்பில் விட்டார்.

கம்பி ஏறியது. வேலிக்கு இந்தப் பக்கமே, என் மூங்கிலிலேயே, பத்திரத்தில் இருக்கிற மாதிரியே அடங்கி நின்றது.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது செட்டின் முன் உட்கார்ந்தேன். அந்த அம்மா போகவில்லை. கம்பி என்னதான் செய்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கதவோரம் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி அவருக்குக் காப்பி கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

தட்டினேன். பல்பு குப்பென்று எரிந்தது. அப்படி ஒரு வெளிச்சம், என் மனைவி ஓர் அடி பின்னால் போய்விட்டாள். கூப்பிட்டு முடித்துக் கையை எடுத்தேன். காதுக் குழாயைக் காதில் வைக்காமல் ஒரு வெண்கலக் கிண்ணத்துக்குள் போட்டிருந்தேன், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. கிண்ணம் ஒரு நிமிஷம் சும்மா இரைந்தது. பிறகு கீச்கீச்சென்று ஒரு சத்தம். என் பெயர். அந்தக் கையை எனக்குத் தெரியும், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து விடுகிற அந்தக் கையை ஆயிரம் பேர் தட்டினாலும் எனக்குத் தெரியும். ஐந்து வாரமாக எங்கே தொலைந்தாய் என்று கேட்டார்.

பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் இரண்டு பெண்கள். நடந்ததை அப்படியே தட்டினேன். சங்கிலியைத் தவறாக எடுத்தேன், பக்கத்து வீட்டு அக்காவைத் திருடி என்றேன், அவர் காலால் அளந்த கம்பியில் இப்போது பேசுகிறேன் என்று. கிண்ணத்திலிருந்து முதலில் நாலு புள்ளி, அப்புறம் ரெண்டு புள்ளி. திரும்ப நாலு, திரும்ப ரெண்டு. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

"என்ன சொல்றாரு?" என்றார் அந்த அம்மா.

"ஒண்ணும் சொல்லலைக்கா. சிரிக்கிறாரு. ஒயர்லெஸ்ல சிரிக்கிறதுன்னா இப்படித்தான்."

"யாரைப் பார்த்து?"

"என்னைத்தான்."

அவர் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டார். "நல்லாத்தான் சிரிக்கிறாரு" என்றார் திருப்தியாக.

அரை மணி நேரம் பேசினோம். மழைக்காலத்தையும் தார்ப்பாயையும் பற்றிப் பேசினோம். விடை பெறுகிற எழுத்துகளை இரண்டு தடவை தட்டினேன். சிநேகிதர் வடக்கே போய்விட்டார். அதன் பிறகு பல வருஷம் கழித்துத்தான் அவரை நேரில் பார்த்தேன்.

அந்த அம்மா காப்பித் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினார். வாசல் வரை கூடப் போனேன். கொல்லைப் பக்கம் திரும்பிப் புளியமரத்தை ஒரு தடவை பார்த்தார். "தம்பி," என்றார். அதுவரை வாத்தியாரே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "மரத்துல கட்டிக்கட்டுமான்னு அன்னைக்கே என்னைக் கேட்டிருந்தீங்கன்னா, கூடாதுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்ல?"

மறுநாள் காலை பள்ளிக்கூடம் தொடங்கும் முன் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், அந்த நாலு பேரையும் தேடிப் பிடித்து, நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். மூன்று பேர் சிரித்தார்கள். நாலாவது ஆள் அதை நம்பவில்லை, அந்த அம்மாவுக்குப் பயந்துகொண்டு மாற்றிச் சொல்கிறேன் என்று கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லை வெளியே விடுவது எவ்வளவு சுலபம், அதைத் திரும்பக் கூட்டி வருவது எவ்வளவு பாடு என்பதை அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கம்பி கட்டினேன், எத்தனையோ தேசத்துக்காரர்களோடு பேசினேன். ஆனால் இன்றைக்கும் என் கணக்கில் யாராவது திருடராக வந்து நின்றால், ஊருக்குச் சொல்லக் கிளம்பும் முன், வெட்கத்தை விட்டுவிட்டு முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறேன்.